பாடுவது ஒலிபெருக்கியா, கதவா?

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

யாழுக்குப் பத்தர் உண்டு. வீணைக்குக் குடம் உண்டு. மத்தளத்திற்குக் குடைந்தெடுத்த பலாக்கட்டை உண்டு. ஒலியை எழுப்பும் உறுப்பு ஒன்று, அதைத் தாங்கி நிற்கும் உடல் ஒன்று என்பதை நம் இசைக்கருவி வினைஞர்கள் ஏட்டைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மோட்டார் வண்டி செய்யும் ஆலைகளும் இதை அறியாதவை அல்ல. ஆயினும் நம் நாட்டில் குறைந்த விலைக்கு விற்கும் சிற்றுந்து ஒன்றின் கதவைத் திறந்து உள்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு. அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஓரிடத்தில் காகிதக் கூம்பு ஒன்றை மூன்று திருகாணிகளில் மாட்டியிருப்பார்கள். இதிலிருந்து வரும் பாட்டு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருப்பதில் வியப்பென்ன? உடனே நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்: "கம்பெனி ஸ்பீக்கர் சரியில்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு!"

இத்தீர்ப்பு நியாயமற்றது என்பதே என் கட்சி. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது பெரும்பாலும் ஒலிபெருக்கி அன்று, கதவு.

"பேருந்துக் கட்டணச் சலுகை அட்டையோடு கல்லூரிக்கு வரும் உனக்குக் கார் ஒலிபெருக்கியைப் பற்றி என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்தச் சுகத்திற்கென்று கார் இல்லை. ஆனால் என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் அந்த இருக்கையில்தான் அவர் வாழ்க்கை. நம் வகுப்பில் கைகளை உயர்த்தச் சொன்னால், தந்தையோ மாமனோ அண்ணனோ ஓட்டுநராக உள்ளவர்கள் பத்துப் பேராவது தேறுவார்கள். இவர்களுக்குக் காரின் ஒலிபெருக்கி ஆடம்பரப் பொருள் அன்று. இரவில் கண் அயராதிருக்கப் பாட்டு வேண்டும். கைப்பேசியின் வழிகாட்டி "அடுத்த இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்வது தெளிவாகக் காதில் விழ வேண்டும். மழையில், கண்ணாடி எல்லாம் ஏற்றிய நிலையில், பின்னால் பயணி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது அது 'கொழ கொழ' என்று கேட்டால் திருப்பத்தைத் தவறவிடுவார். பிறகு பயணியின் முகச்சுளிப்பு, நட்சத்திரக் குறைப்பு, வருமானக் குறைவு. சித்தப்பாவுக்கு இது இரண்டு முறை நேர்ந்தது.

அவர் கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரர் கதவைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு ஒலிபெருக்கி, ஒரு பெருக்கி, பின்னிருக்கைக்கு அடியில் ஒரு சப்வூஃபர், கூலி உட்படப் பதினான்காயிரம் ரூபாய் என்றார். வண்டித் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் பதினான்காயிரத்துக்கு எங்கே போவார்? "நீதான் சவுண்டு பாடம் படிக்கிறாயே, பாரேன்" என்று என்னிடம் வண்டியை விட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ஆயிரத்து இருநூறு ரூபாயும் செலவாயின. அந்த அனுபவத்தின் துணையோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று விரிகிறது. அதாவது ஒரே கூம்பு இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் உள்ளவை. இவ்விரண்டும் சந்தித்தால் என்ன ஆகும்? முதலாண்டிலேயே படித்தோம்: கூட்டினால் சுழி. ஒரு வினாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 3.4 மீட்டர். கூம்பின் பின்புறமிருந்து கதவின் ஓட்டை வழியாக முன்புறம் வருவதற்கோ ஒரு முழம்கூடத் தூரம் இல்லை. மூன்றரை மீட்டர் அலைக்கு முன் ஒரு முழம் எம்மாத்திரம்? ஆகவே முன்னலையும் பின்னலையும் ஏறத்தாழ முழுமையாக ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 3000 அதிர்வுகள் கொண்ட ஒலிக்கோ அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அதற்கு இந்த ஓட்டை வழிப் பயணம் நீண்டது. மேலும் அத்தகைய ஒலி முன்னோக்கியே பாயும். எனவே அது பிழைத்துக்கொள்கிறது. தாழ்ந்த ஒலி மாண்டது, உயர்ந்த ஒலி மிஞ்சியது. இதைத்தான் நாம் "தகரச் சத்தம்" என்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இன்று நாம் காணும் இயங்கு சுருள் ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டபோதே, முன்னலையும் பின்னலையும் கலவாதிருக்கக் கூம்பைச் சுற்றித் தடுப்புப் பலகை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது 1930-இல். அதற்கும் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் நம் கதவில் ஓட்டை அடைபடவில்லை!

எங்கள் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். ஆலையில் அந்த ஓட்டைகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். கண்ணாடியின் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது அதன் முதல் வேலை; ஓரளவு ஒலியையும் தடுக்கும். கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரும்ப ஒட்டாமலே மூடியை மாட்டியிருந்தார். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடித் திருகாணி இட்டோம். ஒட்டிவிடாமல் திருகியதற்குக் காரணம் உண்டு: நாளை கண்ணாடி மோட்டார் பழுதானால் கழற்ற வேண்டுமே! சிறிய ஓட்டைகளைப் பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் மூடினோம். ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுக் கசியாதிருக்கப் பழைய லாரி டியூபில் வளையம் வெட்டி வைத்தோம். லாரி டியூபும் அதே பியூட்டைல் ரப்பரால் ஆனதுதான். காற்றைக் கசியவிடாத குணத்திற்காகவே டியூபுக்கு அதைத் தேர்ந்தார்கள். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கதவின் அடிவிளிம்பில் சின்னஞ்சிறு துளைகள் உண்டு. அவை உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேறும் வழி. ஆர்வக்கோளாறில் அவற்றையும் அடைத்தால் கதவு ஒரு தொட்டியாகி, இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிரும். ஒட்டும் முன் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பார்த்து, எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள சில வண்டிகளில், மோதலைக் கதவுக்குள் எழும் காற்றழுத்தத்தால் உணரும் கருவியைக் கதவிலேயே வைத்திருப்பார்கள். அத்தகைய கதவில் ஓட்டை அடைக்கும் வேலையே கூடாது. பாட்டைவிட உயிர் பெரிது.

அடுத்தது தகட்டின் நடுக்கம். இதைச் சொல்லும்போது நம் மிருதங்கத்தை நினையாமல் இருக்க முடியாது. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி.வி. இராமன், ஒளிச்சிதறலுக்கு முன் ஒலியில்தான் ஊறித் திளைத்தவர். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரிய சோற்றுப் பூச்சு தோலின் மேற்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை 1920-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார். இடந்தலையிலோ கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். தோல் கனத்து, சுருதி தாழ்ந்து, 'தொம்' என்று முழங்கும். அதிரும் பரப்பின் மீது எதை, எங்கே, எவ்வளவு ஒட்டுவது என்பது நம்மவர்க்குக் கைவந்த கலை. கதவுத் தகட்டுக்கும் அதுவே தேவை. வேறுபாடு என்னவென்றால், தோல் பாட வேண்டும். தகடு வாய்மூட வேண்டும்.

அலுமினியத் தாள் மேலேயும் மெத்தென்ற ரப்பர் கீழேயும் உள்ள ஷீட்டைத் தகட்டில் அழுத்தி ஒட்டினால், தகடு வளையும்போதெல்லாம் இடையிலுள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றல் வெப்பமாகித் தேய்ந்துபோகிறது. கதவு முழுவதும் சுவரொட்டி ஒட்டுவது போல் ஒட்டத் தேவையில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்குப் பரப்பை மூடினாலே பெரும்பலன் கிட்டிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது கடைக்காரருக்கு இலாபம், வண்டிக்குச் சுமை. இதைவிட மலிவாகத் தார் ஷீட் கிடைக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நின்ற காரின் கதவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, தார் ஏன் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உருகி வழியும், மூடியைக் கழற்றுபவர் கையெல்லாம் பிசுபிசுக்கும், நாற்றமும் போகாது.

எந்த இடம் நடுங்குகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? சுரமானிச் சோதனை நினைவிருக்கிறதா? கம்பியின் மேல் சிறு காகிதத் துண்டை மடித்து வைத்து, இசைக்கவையை அடித்து வைப்போம். ஒத்ததிர்வு வந்தவுடன் காகிதம் துள்ளி விழும். மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்துவிட்ட அந்தச் சோதனைதான் இங்கே வழி. கைப்பேசியில் அதிர்வெண் எழுப்பும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, 40 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனோம். 90-க்கு அருகில் வலக் கதவின் பூட்டுக் கம்பி 'கிர்ர்' என்றது. 130-இல் உள்மூடி முழுவதும் அழுதது. 170-இல் கதவில் ஒன்றுமில்லை. ஆனால் முன்பலகையில் இருந்த பிள்ளையார் ஆடினார்! பூட்டுக் கம்பிக்குப் பஞ்சு நாடா சுற்றினோம். உள்மூடியின் உடைந்த கிளிப்புகள் நான்கையும் மாற்றினோம்; விலை ஒன்றுக்கு ஐந்து ரூபாய். பட்டறைகளில் 'டோர் பேட்' என்று சொல்லும் இந்த உள்மூடியின் கிளிப் உடைந்ததால் வரும் அதிர்வைத்தான் பலர் 'ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது' என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

உண்மையாகவே கூம்பு கிழிந்திருந்தால்? சிறு கிழிசலுக்கு மெல்லிய காகிதமும் வெள்ளைப் பசையும் போதும். பசையைக் குறைவாகத் தடவ வேண்டும்.

எங்களுக்கு மிகுந்த வியப்பை அளித்தது கம்பி இணைப்புத்தான். ஒரு காசும் செலவில்லாத வேலை. முன்பு யாரோ செட் மாற்றியபோது வலக் கதவின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். அதனால் இடக்கூம்பு முன்னே வரும்போது வலக்கூம்பு பின்னே போனது. மேலே கதவின் ஓட்டையில் நிகழ்வதாகச் சொன்ன அதே கொலை, இப்போது வண்டிக்குள் இரு கதவுகளுக்கு இடையே நிகழ்ந்தது. தாழ்ந்த ஒலி மறைந்ததோடு, பாடுபவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்றே தெரியாமல் குரல் தலையைச் சுற்றிக் குழம்பும். சோதிப்பது எளிது. செட்டிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டு எடுங்கள். நேர்முனைக்கு நேர்முனை சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ளும். மாறினால் உள்ளே இழுக்கும். நான்கு கதவிலும் ஒரே போல் தள்ள வேண்டும். இரு கம்பிகளை மாற்றி முறுக்கியவுடன் சித்தப்பா, "என்ன, புதுசு மாட்டிவிட்டாயா?" என்று கேட்டார்.

இனி வாட் கதைக்கு வருகிறேன். செட் விற்கும் அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நம் ஓம் விதியைக் கொண்டு இதைச் சற்று உரசிப் பார்ப்போமா? இயந்திரம் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம். செட்டினுள் உள்ள பெருக்கி தன் முழு மூச்சையும் கொடுத்தாலும் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் உச்சம் 14.4 வோல்ட்டுக்கு மேல் இல்லை. சைன் அலைக்கு அதன் சராசரி இருபடி மூலம் 10.2 வோல்ட். வர்க்கப்படுத்தி 4-ஆல் வகுத்தால் 26 வாட். பெருக்கியின் உள் இழப்புகள் போகக் கலப்படமில்லாமல் கிடைப்பது இருபது வாட்டுக்கு அருகில். அப்படியானால் அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? சைன் அலையின் தலையையும் காலையும் வெட்டி முழுச் சதுர அலையாக்கிவிட்டால், 14.4-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்க 52 வாட் வருகிறது. அதாவது பாட்டை முற்றிலும் சிதைத்தால் மட்டுமே அட்டைப்பெட்டி சொல்வது மெய்யாகும்! எங்கள் செட்டின் பின்புறம் இருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர். 10-ஐ 14.4-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 144 வாட். வெளியே 200 வாட் தொடர்ந்து வருமென்றால், ஆற்றல் அழிவின்மை விதியை அன்றே கைவிட்டுவிட வேண்டியதுதான்.

இந்த ஏமாற்று இன்று தோன்றியதன்று. வீட்டு ஒலிப்பெருக்கிகளுக்கு இப்படி மனம்போனபடி வாட் எழுதுவதைத் தடுக்க அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இல் விதி வகுத்தது. கார் செட்டுகள் அவ்விதிக்குள் வரவில்லை. அவற்றுக்கென அந்நாட்டு மின்னணுத் தொழிலாளர்... இல்லை, மின்னணுத் தொழில் முதலாளிகளின் சங்கமே வகுத்த அளவுமுறை 2006 என்ற எண்ணைப் பெயராகத் தாங்கி நிற்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், நூற்றுக்கு ஒன்றுக்கு மிகாத சிதைவு. அதுவும் விரும்பியவர் பின்பற்றும் முறைதான். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். கொட்டை எழுத்தைப் படிக்க வேண்டாம்.

வாட் இருமடங்கானால் ஒலி இருமடங்காகும் என்று எண்ணுவதும் பிழை. இருமடங்கு வாட் கொடுத்தால் 3 டெசிபெல்தான் கூடுகிறது. காதுக்கு அது சிறு ஏற்றமே. காது 'இருமடங்கு' என்று உணர ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலை தரும் காகிதக் கூம்பு மிக இலேசானது. சிறிய செட்டின் குறைந்த வாட்டிலும் நன்றாக ஒலிக்கும்படி செய்யப்பட்டது. கடையில் வாங்கும் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளில் பல கனத்த கூம்பு உடையவை. தனிப் பெருக்கி இல்லாமல் அதே செட்டில் மாட்டினால் முன்னைவிடக் குறைவாகவே ஒலிக்கும். ஐயாயிரம் கொடுத்து ஒலியைக் குறைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்! காகிதம் என்று இகழ வேண்டாம். இலேசு, விறைப்பு, தன் அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும் குணம் மூன்றும் ஒருங்கே அமைந்த பொருள் அது. மேடைக் கச்சேரிகளின் பெரிய ஒலிபெருக்கிகளிலும் இன்றும் காகிதக் கூம்புகள் உள்ளன.

ஆனால் மலிவான ஒலிபெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அதே உரப்பில் அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். ஆறு அங்குலக் கூம்பு 40 ஹெர்ட்ஸுக்கு ஆட முயன்றால் அதன் சுருள் காந்த இடைவெளியை விட்டே வெளியேறிவிடும். அப்போது தாழ்ந்த ஒலியும் வராது, மேலே பாடுபவர் குரலும் நடுங்கும். 'பேஸ்' குமிழை முழுதாகத் திருப்பி வைத்திருக்கும் எல்லா வண்டிகளிலும் நிகழ்வது இதுதான். செய்ய வேண்டியது நேர்மாறானது: அந்தக் கூம்பால் முடியாத வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும். இப்போதைய செட்டுகள் பலவற்றில் இதற்கென ஒரு வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அது இல்லாத செட்டானால், கம்பியில் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைத்தால், 4 ஓமுக்குக் கணக்கிட, 85 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை படிப்படியாகத் தேயும். முனை பேதமற்ற வகை மின்தேக்கியாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதன் ஒத்ததிர்வுக்கு அருகே 4 ஓமை விட மிக உயர்ந்துவிடுவதால் கணக்கு இம்மியும் பிசகாமல் அமையாது. எனினும் குரல் தெளிவது உடனே தெரியும்.

"அப்படியானால் இளையராஜாவின் பேஸ் கிதாரை இழக்க வேண்டியதுதானா?" என்று விடுதி நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அந்தக் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, உண்மை. ஆனால் கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது. அடிச்சுரம் இல்லாமற்போனாலும் மேற்சுரங்களின் வரிசையைக் கேட்டு, அடிச்சுரத்தை நம் செவியும் மூளையும் தாமே நிரப்பிக்கொள்கின்றன. பழைய டிரான்சிஸ்டர் வானொலியில் நம் தாத்தாக்கள் தவில் கேட்டு மகிழ்ந்தது இந்த அருளால்தான். எனவே 80 முதல் 200 வரையிலான பகுதி மாசின்றி வந்தால், கிதார் நடக்கும் நடை முழுதும் கேட்கும். அந்தப் பகுதியைத்தான் கதவின் ஓட்டையும் தகட்டின் நடுக்கமும் கெடுத்துக்கொண்டிருந்தன. நெஞ்சை அதிர வைக்கும் இடி முழக்கம் வேண்டுவோர் சப்வூஃபர் வாங்கட்டும். அது வேறு பசி.

உயர்ந்த ஒலியைப் பற்றியும் ஒரு சொல். அது நேர்க்கோட்டில் பாயும். கதவின் அடியில் உள்ள ஒலிபெருக்கிக்கும் நம் காதுக்கும் இடையே நம் முழங்காலே சுவராக நிற்கிறது. பக்கக் கண்ணாடியின் முக்கோண மூலையில் சிறு ட்வீட்டர் ஒன்றைத் தக்க மின்தேக்கியோடு வைத்தால் சொற்களின் ச, ஷ, த ஒலிகள் பிரிந்து கேட்கும். எங்கள் செலவில் பாதி இதற்கே போயிற்று. நேரே காதைக் குத்தும்படி வைக்காமல், எதிர்க்கண்ணாடியின் நடுவை நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்தோம்.

பலன் என்ன? மிருதங்கத்தின் இடந்தலை முன்பு 'டக்' என்றது. இப்போது 'தொம்' என்கிறது. வழிகாட்டியின் சொல் பிரிந்து கேட்கிறது. இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது ஒன்று: முன்பு நெடுஞ்சாலையில் 24-இல் வைத்திருந்த ஒலி எண்ணைச் சித்தப்பா இப்போது 17-இல் வைக்கிறார். சிறிய கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உள்ளிரைச்சலே 70 டெசிபெல் அளவில் இருக்கிறது. அதைத் தாண்டிப் பாட்டைக் கேட்க ஏற்றிக்கொண்டே போனால் 85-ஐ எட்டுவது அரிதன்று. 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாக வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவர் கதி என்ன? கதவை அடைத்ததால் வெளியிரைச்சலும் சற்றுக் குறைந்தது; ஒலி தெளிந்ததால் உரப்பும் குறைந்தது. கடைக்காரர் விற்க வந்தது உரப்பை. சித்தப்பாவுக்கு வேண்டியிருந்தது தெளிவு.

ஆலைகளை முழுதும் பழிக்கவும் மனமில்லை. கதவொன்றுக்கு ஒரு கிலோ கூடினால் எரிபொருள் கணக்கில் இடிக்கும். ஆயிரம் ரூபாய் கூடினால் போட்டியாளர் முந்திக்கொள்வார். ஆயினும் வழி உண்டு என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மகன், பேராசிரியர் அமர் போஸ். 1983-ஆம் ஆண்டு மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில், அந்தந்த வண்டியின் உள்ளறைக்கென்றே அளந்து அமைத்த ஒலிபெருக்கிகளை ஆலையிலேயே பொருத்தச் செய்தார். அவை விலையுயர்ந்த கார்கள்தாம். ஆனால் கதவையும் இருக்கையையும் கண்ணாடியையும் கருவியின் உறுப்புகளாகக் கருதும் அந்தப் பார்வைக்கு விலை ஏது? விலை குறைந்த வண்டியிலும் ஓட்டைக்கு ஒரு மூடியும் ஒலிபெருக்கிக்கு ஒரு ரப்பர் வளையமும் வைத்து அனுப்பலாமே. இவ்விரண்டிற்கும் ஆலைக்கு ஆகும் செலவு, விற்பனைக்கூடத்தில் வண்டிக்குப் போடும் மாலையின் விலைகூட இராது.

நம் துறைப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரமானியையும் இசைக்கவையையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. அவற்றின் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிக்கும் இடம் தாருங்கள். அலையியற்றியும் ஒரு மின்தடையும் மல்டிமீட்டரும் நம் ஆய்வகத்தில் இருக்கின்றன. அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்மறுப்பை அளந்து வரைபடம் இட்டால், ஒத்ததிர்வு மலைமுகடு போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அதே ஒலிபெருக்கியைத் திறந்த வெளியிலும், ஓட்டைக் கதவிலும், ஓட்டை அடைத்த கதவிலும் வைத்து மூன்று வரைபடங்கள் வரையலாம். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையரின் பதிவேட்டில் இது ஒரு சோதனையாக ஏறினால், அவர்களில் பலர் அந்த வாரமே வீட்டிலுள்ள வண்டியைக் கழற்றுவார்கள் என்று நினைக்கிறேன். பின்கதவிலிருந்து கழற்றிய பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு என்னிடம் உள்ளன. துறைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். கதவு ஒன்றுதான் வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குத் தருகிறார்களாம். கொண்டுவர இரண்டு பேர் துணைக்கு வந்தால் போதும்.